ஆலைக்குள் எல்.இ.டி.: பில் குறையும், மற்றவை?

எல்.இ.டி. விளக்கு விற்க வருபவரின் கையில் எப்போதும் ஒரு கணக்குத் தாள் இருக்கும். உணவு ஆலையின் உயரமான கூடத்தில் 60 மெட்டல் ஹாலைடு விளக்குகள் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 400 வாட். சோக் தின்பதையும் சேர்த்தால் 450. அந்த இடத்தில் 150 வாட் எல்.இ.டி. மாட்டினால் மொத்தச் சுமை 27 கிலோவாட்டிலிருந்து 9 கிலோவாட்டாக இறங்கும். தினம் இரண்டு ஷிப்டு, 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் மிச்சம் 86,400 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று போட்டாலே ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது. கணக்கில் பிழையில்லை. முதலாளி கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

அந்தத் தாளில் ஏறாத வரவுகளும் உண்டு. பாக்கிங் மேசைக்கு மேலே ஒரு டியூப்லைட் உடைந்தால் விழுவது கண்ணாடிச் சில்லு மட்டுமல்ல. சில மில்லிகிராம் பாதரசமும் சேர்ந்து விழும். அந்த நேரத்துச் சரக்கு முழுவதையும் ஒதுக்கித்தான் ஆகவேண்டும். விளக்கு உடைந்து உணவில் கலக்காதபடி அமைப்பு இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகளின் நான்காம் அட்டவணை சொல்வது இதற்காகத்தான். கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் மூடி போட்ட எல்.இ.டி. வந்தால் இந்தப் பயம் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் கூடி, டியூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென முடிவெடுத்தன. ஆக, மாறலாமா வேண்டாமா என்ற கேள்வியே காலாவதியாகிவிட்டது. எப்படி மாறுவது என்பதில்தான் ஆலைகள் கோட்டை விடுகின்றன.

குளிர்பதனக் கிடங்கில் எல்.இ.டி.யை மிஞ்ச ஆள் இல்லை. தூத்துக்குடி இறால் ஆலைகளைப் போன்ற இடங்களில் சரக்கு மைனஸ் 18 டிகிரியில் கிடக்கும். அந்தக் குளிரில் டியூப்லைட் சோர்ந்துபோகும், எல்.இ.டி.க்கோ குளிர்தான் ஒத்துவரும். விளக்கு உமிழும் வெப்பத்தையும் கம்ப்ரஸர்தான் வெளியே தள்ள வேண்டும் என்பதால், குறையும் ஒவ்வொரு வாட்டும் இரண்டு முறை மிச்சம். கரண்ட் போய் வந்தால் மெட்டல் ஹாலைடு ஆறி, மறுபடி எரியப் பத்து நிமிடமாவது பிடிக்கும். அதுவரை ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எல்.இ.டி. அந்த நொடியே எரியும்.

அதே விளக்கை வறுவல் கூடத்துக்குக் கொண்டுபோனால் கதை வேறு. எண்ணெய்ச் சட்டிகளின் அனல் கூரையடியில் தேங்கி நிற்கிறது. பெட்டியில் அச்சிட்ட 50,000 மணி நேரம் பெரும்பாலும் மிதமான வெப்பநிலையில் எல்.இ.டி. சில்லுக்குச் சொல்லும் கணக்கு. அதை இயக்கும் டிரைவர் என்ற மின்சுற்றுக்கு அல்ல. டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கியின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடக்கூடப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுவிதி. தண்ணீர் புகாதபடி அடைத்த விளக்கில் டிரைவரை மட்டும் கழற்றி மாற்றவும் பல சமயம் முடியாது. முழு விளக்கையும் தூக்கி எறிய வேண்டும். காஸ்டிக் கரைசல் விட்டுக் கழுவும் இடத்தில் பாலிகார்பனேட் மூடியும் நாளடைவில் மங்கி வெடிக்கும். கண்ணாடி வேண்டாம் என்று வாங்கியதே அப்புறம் சில்லாக உதிர்ந்தால் என்ன லாபம்?

இதைவிடப் பெரிய ஓட்டை நிறத்தில் இருக்கிறது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற தரங்களில் அந்த எண், ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ எத்தனை முழுப் பருப்பு என்பதைக் குறிக்கும். அளவைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளைப் பருப்பையும் லேசாகத் தீய்ந்த பருப்பையும் பிரிப்பதுதான் வித்தை. இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய பழுப்புச் சாயல். அதை மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கண்தான் பிடிக்க வேண்டும். நிறங்காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் குறைந்த மலிவு விளக்குகள் சிவப்பும் பழுப்பும் சேர்ந்த சாயல்களில்தான் சறுக்கும். கூடம் பளீரென்று இருக்கும், தரம் கலந்துபோகும். இறாலில் கரும்புள்ளி பார்ப்பவர்களுக்கும் இதே தொல்லை. பரிசோதனை மேசைக்கு 540 லக்ஸ் வெளிச்சம் என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் சுகாதார வழிகாட்டி முன்பு தந்த அளவு. ஆலைகளின் கொள்முதல் ஆணையிலோ வாட் இருக்கிறது, விலை இருக்கிறது, லக்ஸும் சி.ஆர்.ஐ.யும் அபூர்வமாகத்தான் எட்டிப் பார்க்கின்றன.

மலிவு மோகத்துக்குப் பின்னணியும் உண்டு. 2014-ல் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 310 ரூபாய்க்கு வாங்கிய எல்.இ.டி. பல்பை 2016-ல் 38 ரூபாய்க்கு வாங்கியது. வீடுகளுக்கு அது பெரிய கொடை. குறைந்த விலைப்புள்ளிதான் நல்ல விலைப்புள்ளி என்ற பழக்கம் அப்படியே ஆலைக்குள் வந்ததுதான் வினை. மட்டமான டிரைவர் கொடுக்கும் வெளிச்சம் நொடிக்கு 100 முறை துடிக்கும். சுழலும் வெட்டுக்கத்தி அந்த வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றுவது போலவோ, நின்றுவிட்டது போலவோ தோன்றக்கூடும். விரல் போன பிறகு ஆறு லட்சத்தைப் பற்றி யார் பேசுவது?

இன்னொன்று. 75 கிலோவாட் அம்மோனியா கம்ப்ரஸர் ஒன்று முழுச் சுமையில் நாளுக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 4,50,000 யூனிட் இழுக்கும். முதலில் போட்ட கணக்கில் விளக்கு மிச்சப்படுத்தியதைப்போல ஐந்து மடங்கு! விளக்கு கண்ணுக்குத் தெரியும், புகைப்படத்துக்கு அழகு. காற்றுக் குழாயின் கசிவும் கம்ப்ரஸரின் ஓட்டமும் படத்தில் விழாது. எல்.இ.டி. மாட்டியதோடு மின்சிக்கனம் முடிந்தது என்று நிர்வாகம் ஓய்ந்துவிட்டால், எளிய வேலையைச் செய்துவிட்டுக் கடினமானதைத் தள்ளிப்போட்டதாகவே அர்த்தம்.

உணவு ஆலைகள் எல்.இ.டி.க்கு மாறத்தான் வேண்டும். ஆனால் மொத்த ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன், இரண்டு மூன்று மாதிரி விளக்குகளைத் தரம் பிரிக்கும் மேசைக்கு மேல் ஒரு வாரம் எரியவிடுங்கள். எதை வாங்குவது என்று அந்த மேசையில் வேலை செய்யும் பெண்களைக் கேளுங்கள்.