ஆறு தட்டுகளும் நம் கடலும்

புவியின் மேலோட்டை ஆறு பெரிய தட்டுகளாகப் பிரித்து, அவற்றின் நகர்ச்சியை உலகளவில் கணக்கிட்டுக் காட்டினார் பிரெஞ்சுக் கடற்புவி இயற்பியலார் சவியே லெ பிஷோன். 1968இல் வெளிவந்த அக்கட்டுரையின் சிறப்பு புதிய கருத்தில் இல்லை. கடலடித் தரை விரிகிறது என்பதை 1962இலேயே ஹெஸ் எழுதிவிட்டார். அதை 1966இல் மறுத்தவர்களுள் லெ பிஷோனும் ஒருவர் என்பது சுவையான செய்தி!

அவர் செய்தது வரவு செலவுக் கணக்கு. நடுக்கடல் மலைத்தொடர்களில் பிறக்கும் புதிய தரை வரவு. அதன் வேகத்தை இருபுறமும் உள்ள காந்தப் பட்டைகள் காட்டும். ஆழ்கடல் அகழிகளில் அமிழ்வதும், இமயம் போன்ற மலைகளில் மடிவதும் செலவு. புவி பருக்கவில்லை எனில் இரண்டும் ஈடாக வேண்டும் அல்லவா? இவ்வாறு, அளக்க இயலாத அகழிகளின் வேகத்தையும் அவர் கணித்துவிட்டார்.

ஆனால், தட்டுகள் வளையா என்று அவர் கொண்டது நம் கடலில்தான் இடறுகிறது. புதுச்சேரி நெல்லித்தோப்பையும் நம் ஊர்களையும் சுமக்கும் இந்தியத் தட்டை ஆஸ்திரேலியாவுடன் ஒன்றாகவே அவர் வைத்தார். இலங்கைக்குத் தெற்கே கடல்தரை மடிந்து கிடப்பதை, அவர் முன்பு பணியாற்றிய லமாண்ட் ஆய்வகத்தாரே 1972இல் எழுதினர். 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அகழிக்கு மேற்கே, தட்டின் உட்புறத்தில், 8.6 அளவு நிலநடுக்கம் நேர்ந்தது. இன்று அவை இரு தட்டுகளாகவே கொள்ளப்படுகின்றன. எனினும் இடையே கோடு கிழிக்க முடியாது. பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு எல்லையே நசுங்கிக்கொண்டிருக்கிறது.