நாரும் நூரும்

அரபு மொழியில் 'நார்' என்பது நெருப்பு. 'நூர்' என்பது ஒளி. இரண்டும் நூன், வாவ், ரா என்னும் ஒரே வேரெழுத்துகளிற் பிறந்தவை. நம் பயான்களிலும் மக்தபுப் பாடங்களிலுமோ, இவை ஒன்றையொன்று அறியாத அயலார்போல் நிற்கின்றன. 'நார்' என்று கண்ட மாத்திரத்தில் 'நரகம்' எனப் பொருள் எழுதிவிடுகிறோம். ஓசையொப்புமையும் இதற்குத் துணைபோயிற்று போலும். நரகம் வடமொழி வழி வந்த சொல். அதற்கும் 'நாரு'க்கும் உறவில்லை.

இக்குறையில் நமக்கும் பங்குண்டு. பல்லாண்டுகளுக்கு முன் ஓதிக்கொடுத்த நாளில் நாமும் அவ்வாறே பலகையில் எழுதிப்போட்டோம். தாஹா ஸூரா வந்தபோது ஒரு சிறுவன் எழுந்து, "அப்ப மூஸா நபி நரகத்தையா பார்த்தாங்க, ஹஜரத்?" என்றான். பிள்ளைகள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்யனிலிருந்து குடும்பத்துடன் திரும்பும் வழியில், தூர் மலைப் பக்கம் மூஸா நபி (அலை) நெருப்பொன்றைக் காண்கிறார்கள். அங்கே திருமறை ஆளும் வினை 'ஆனஸ' என்பது. வெறும் பார்வையைச் சொல்ல 'ரஆ' இருக்கிறது. 'ஆனஸ'வினுள் 'உன்ஸ்' இருக்கிறது; நெருக்கமும் மன ஆறுதலும் அதன் பொருள். 'கண்டேன்' என்று தமிழாக்குவது பிழையன்று. ஆனால் அந்த ஆறுதல் நழுவிவிடுகிறது. எடுத்துவர எண்ணிய நெருப்பும் தாஹாவில் 'கபஸ்', நம்லில் 'ஷிஹாப் கபஸ்', கஸஸில் 'ஜத்வா' எனச் சொல் மாறி வருகிறது. பின்னிரண்டிலும் குளிர்காயும் நோக்கம் பேசப்பட, தாஹாவில் வழிகாட்டல் கிடைக்குமோ என்ற எதிர்பார்ப்பு கூறப்படுகிறது. மூன்றையும் 'கொள்ளி' என்ற ஒரே சொல்லால் கடந்துவிட்டால் வாசகர் இழப்பது சிறிதன்று.

அவர்கள் கண்டது ஒளியே என்பர் முஃபஸ்ஸிர்கள் பலர். எனினும் இறைவன் அதற்கு 'நார்' என்ற சொல்லையே வழங்கினான். நம்ல் ஸூராவில் அந்த நாருடன் பரக்கத்தையும் சேர்த்துரைத்தான். அஞ்சத்தக்கதற்கும் நாடிச் செல்லத்தக்கதற்கும் ஒரே பெயர்!

நூர் ஸூராவின் ஒளி வசனத்தில் வரும் எண்ணெயோ நெருப்புத் தீண்டாமுன்பே ஒளிரும் நிலையில் இருக்கிறது. அவ்வசனத்துக்கென்றே 'மிஷ்காத்துல் அன்வார்' யாத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), அவ்வெண்ணெயை நபிமார்க்குரிய தூய ஆன்மாவுக்கு ஒப்பிடுவார்கள். இதற்கு நேரெதிர் ஹுமஸா ஸூரா. பொருளைச் சேர்த்து எண்ணியெண்ணிப் பார்ப்பவனுக்குரிய நெருப்பு இதயங்களின்மீது ஏறுகிறது. கையையோ நாவையோ கூறாது இதயத்தைக் கூறியது ஏன்? காசு குடியிருந்த இடம் அதுவன்றோ! எண்ணெய் இருந்த உள்ளத்தில் விளக்காவது, பேராசை நிறைந்த உள்ளத்தில் எரிதழலாகிறது. இதனால் நரகமே வெறும் உருவகம் என்று சொல்லப் புகுவாரோடு நாம் உடன்படோம். சூஃபிகளின் பெயரால் அவ்வாறு எழுதுவோர் அப்பெரியார்கள் நரகை நினைந்து அழுத இரவுகளை மறந்தவர்கள்.

அச்சிறுவனிடம் அன்று ஒரு நாள் தவணை கேட்டோம். மறுநாள் ஸுப்ஹுக்குப் பின் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் பலகையிலிருந்த 'நரகம்' என்பதை அழித்து, 'நெருப்பு' என்று எழுதினோம். அதன் கீழே 'நூர்' என்ற சொல்லையும் எழுதுமாறு சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுத்தோம்.