ஸ்பானிய இலக்கியத்தை எப்படி ரசிப்பது?

ஸ்பானிய மொழி இலக்கியம் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் வருகிற பெயர்கள் மூன்று: மார்க்வெஸ், நெரூதா, போர்ஹெஸ். ‘மீட்சி’, ‘கல்குதிரை’ போன்ற சிற்றிதழ்கள் இவர்களை நமக்கு அறிமுகம் செய்து வெகு காலமாகிறது. ஆனாலும் நம்மில் பலர் இவர்களை ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மேதைகளாகவே படித்து வருகிறோம். ஸ்பானிய இலக்கியத்தையும் பண்பாட்டையும் பட்டப்படிப்பாக எடுக்கும் மாணவர்கள் அப்படிப் படிப்பதில்லை. ஒரு நாவலை எடுத்தால், அதற்கு முன்னோடியான இன்னொரு நாவலை, அதே காலத்து ஓவியத்தை, திரைப்படத்தை, அந்த மண்ணில் அப்போது நடந்த கலகத்தை எல்லாம் சேர்த்தே படிக்கிறார்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டு. அதில் ஓராண்டு ஸ்பானிய மொழி பேசும் நாடொன்றில் கழியும். அந்த வாய்ப்பு நமக்கு இல்லாவிட்டாலும், அவர்கள் படிக்கும் முறையை வீட்டிலிருந்தே கைக்கொள்ளலாம். முறை எளிது: எதையும் தனியே படிக்காதீர்கள், இரண்டிரண்டாகப் படியுங்கள்.

முதலில் சில ஆண்டுகள்

நூல்களுக்குள் போகுமுன் மூன்று ஆண்டுகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 1492இல் முஸ்லிம்களின் கடைசி அரசான கிரானடா வீழ்ந்தது. ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்தார். நெப்ரிஹா ஸ்பானிய மொழிக்கு இலக்கண நூல் எழுதி வெளியிட்டார். எல்லாம் ஒரே ஆண்டில். 1898இல் கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் மூன்றையும் ஸ்பெயின் இழந்தது. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. இந்த இலக்கியத்தில் நீங்கள் தொடும் எந்த நூலும் இவற்றில் ஒன்றையாவது சுமந்துகொண்டிருக்கும்.

நிலப்பரப்பும் நாம் நினைப்பதைவிடப் பெரியது. இன்று ஸ்பானியம் இருபது நாடுகளின் மொழி. அவற்றில் ஒன்றான ஈக்வடோரியல் கினி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஆசியாவிலும் இந்த மொழிக்கு ஒரு மாபெரும் நாவலாசிரியர் உண்டு. பிலிப்பைன்ஸின் ஹோசே ரிஸால் தன் முதல் நாவலை ஸ்பானியத்தில் எழுதி, 1887இல் பெர்லினில் அச்சிட்டார். 1896இல் ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக்கொன்றது.

செர்வாண்டெஸும் போர்ஹெஸும்

செர்வாண்டெஸ் எழுதிய ‘டான் கிஹோத்தே’யின் முதல் பாகம் 1605இல் வந்தது. காற்றாலைகளோடு சண்டையிடும் கிழவரின் கதையாக மட்டும் அதை அறிந்திருப்பவர்கள், முதல் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். எட்டாம் அத்தியாயத்தின் முடிவில், சண்டையில் வாள்கள் ஓங்கியபடி இருக்க, கதை சட்டென்று நின்றுபோகிறது. மேற்கொண்டு என்ன நடந்தது என்பது தனக்குத் தெரியாது என்கிறார் கதைசொல்லி. பிறகு தொலேதோ நகரச் சந்தையில் அரபு எழுத்தில் இருக்கும் பழைய குறிப்பேடுகள் அவர் கண்ணில் படுகின்றன. அதுதான் மீதிக் கதை. உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகக் கொடுத்து ஒரு மொரிஸ்கோவை மொழிபெயர்க்க வைக்கிறார். அதாவது ஸ்பெயினின் மிகப் பெரிய நூல், ஓர் அரபு ஆசிரியர் எழுதியதன் மொழிபெயர்ப்பு என்ற பாவனையில் தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

இதை வெறும் வேடிக்கை என்று கடந்துபோகாமல் தடுப்பது வரலாறுதான். மொரிஸ்கோக்கள் என்போர் கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்கள். 1609 முதல் 1614 வரை அவர்கள் ஸ்பெயினிலிருந்து கூட்டங்கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் டான் கிஹோத்தேயின் பணியாள் சாஞ்சோவின் பழைய அண்டை வீட்டுக்காரரான மொரிஸ்கோ ரிகோத்தே, யாத்ரீகர் வேடத்தில் சொந்த நாட்டுக்குள் ஒளிந்து வருகிறார். புதைத்து வைத்த பொருளை எடுக்க வந்த அகதி அவர். சாஞ்சோவும் அவரும் தரையில் அமர்ந்து சேர்ந்து உண்டு குடிக்கும் அந்தப் பகுதியில் செர்வாண்டெஸ் எவரையும் திட்டவில்லை, அரசாணையை எதிர்த்து முழக்கமும் இடவில்லை. இரண்டு நண்பர்களை எதிரெதிரே உட்கார வைக்கிறார், அவ்வளவுதான். ஐந்து ஆண்டுகள் அல்ஜியர்ஸில் கைதியாக இருந்தவர் எழுதிய பகுதி இது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதைப் படித்த கையோடு போர்ஹெஸின் ‘பியர் மெனார்’ கதைக்கு வாருங்கள். 1939இல் புவெனஸ் அயர்ஸின் ‘சூர்’ இதழில் வந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் ‘டான் கிஹோத்தே’யை நகல் எடுக்காமல், தானே சொல்லுக்குச் சொல் அப்படியே மறுபடி எழுத முயல்கிறார். இரண்டு பிரதிகளின் வரிகளும் ஒன்றேதான். ஆனால் எழுதியவரும் காலமும் மாறியதால் பொருள் மாறிவிட்டது என்று நிறுவுகிறார் கதைசொல்லி. செர்வாண்டெஸைப் படிக்காமல் இதைப் படித்தால் புத்திசாலித்தனமான விளையாட்டாகத் தோன்றும். படித்தபின் வந்தால், அரபுக் குறிப்பேட்டின் விளையாட்டை போர்ஹெஸ் தொடர்கிறார் என்பது விளங்கும். யார் எழுதியது, யார் படிப்பது என்ற கேள்வி 334 ஆண்டுகளுக்குப் பின் கடலுக்கு அப்பாலிருந்து மீண்டும் எழுகிறது.

ருல்ஃபோவும் மார்க்வெஸும்

இந்த இணையில்தான் தமிழ் வாசகர் அதிக நேரம் தங்க வேண்டும். ‘மாய யதார்த்தம்’ என்ற பெயர்ப்பலகையை நாம் இங்கே விரைவாக மாட்டிவிடுகிறோம். அந்தப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் படியுங்கள்.

மெக்ஸிகோவின் ஹுவான் ருல்ஃபோ எழுதிய ‘பெத்ரோ பராமோ’ 1955இல் வந்த சிறிய நாவல். இறக்கும் தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி, முகமறியாத தந்தையைத் தேடி ஒரு மகன் கொமாலா என்ற ஊருக்கு வருகிறான். அங்கே அவன் சந்திப்பவர்கள் எல்லோரும் இறந்தவர்கள். பாதி நாவலில், அவனும் கல்லறைக்குள் இருந்துதான் பேசுகிறான் என்று நமக்குத் தெரிகிறது. காலம் முன்னும் பின்னுமாகத் துண்டுபட்டு வருகிறது. யார் பேசுகிறார்கள் என்று அடிக்கடி குழம்புவீர்கள். அந்தக் குழப்பத்தோடேயே மேலே படித்துப் போங்கள். சத்தமாக வாசித்தால் குரல்கள் பிரிந்து கேட்கும்.

ருல்ஃபோ 1917இல் ஹலிஸ்கோ மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே தந்தை கொல்லப்பட்டார், சில ஆண்டுகளில் தாயும் இறந்தார், அவர் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1910இல் தொடங்கிய மெக்ஸிகோ புரட்சியும், அரசுக்கும் கத்தோலிக்கக் கலகக்காரர்களுக்கும் 1926 முதல் 1929 வரை நடந்த கிறிஸ்தேரோ போரும் அந்தப் பகுதியின் கிராமங்களைக் காலி செய்தன. ஆள் இல்லாமல் போன ஊர்களை அவர் நேரில் அறிவார். இது தெரிந்தபின், கொமாலாவின் ஆவிகள் கற்பனை வித்தையாகத் தெரியாது. போனவர்களின் முணுமுணுப்பாகக் கேட்கும்.

1961இல் மெக்ஸிகோ நகரில் குடியேறிய காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ், நண்பர் அல்வாரோ மூத்திஸ் கொடுத்து இந்த நாவலை அறிந்தார். ஒரே இரவில் இரண்டு முறை படித்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ 1967இல் புவெனஸ் அயர்ஸில் வெளியானது. அந்த நாவலில் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் ரயில் நிலையச் சதுக்கத்தில் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். உயிர் தப்பியவன் ஊர் திரும்பிச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறார்கள். கம்பளத்தில் பறந்து போகிறவர்களையும் வானுக்கு ஏறும் அழகியையும் வியந்து பேசும் நாம், இந்தப் பகுதியைக் கதைதானே என்று தாண்டிப் போகிறோம். ஆனால் வேரோடு உண்மையானது இதுதான். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியனகா ஊரில், யுனைட்டட் ஃப்ரூட் கம்பெனித் தோட்டங்களின் வேலைநிறுத்தக்காரர்கள் மீது ராணுவம் சுட்டது. இறந்தவர் எத்தனை பேர் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அதே பகுதியில் உள்ள அரகத்தாகாவில் 1927இல் பிறந்தவர் மார்க்வெஸ். நம்ப முடியாதவற்றை ஊரே நம்பும் நாவலில், நடந்த ஒன்றை மட்டும் ஊர் நம்ப மறுக்கிறது. நாவலின் ஆழமான துயரம் அங்கே இருக்கிறது. அதைத் தொட்டவர்தான் அந்த நாவலை ரசித்தவர்.

லோர்க்காவும் எரிசேயும்

நாடகத்தோடு திரைப்படத்தை இணைத்துப் பார்ப்பது இந்தப் படிப்பின் வழக்கமான பயிற்சி. ஃபெதெரிகோ கார்சியா லோர்க்கா ‘பெர்நார்தா ஆல்பாவின் வீடு’ நாடகத்தை 1936 ஜூனில் முடித்தார். ஜூலையில் போர் வெடித்தது. ஆகஸ்டில் அவர் கிரானடா அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடகம் 1945இல் புவெனஸ் அயர்ஸில்தான் முதலில் மேடையேறியது. கணவனை அடக்கம் செய்து திரும்பும் பெர்நார்தா, தன் ஐந்து மகள்களுக்கும் எட்டு ஆண்டு துக்கம் விதிக்கிறாள். ஆண் ஒருவன்கூட மேடைக்கு வருவதில்லை. அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் வாயை மூடச் சொல்லும் கட்டளை. வெள்ளைச் சுவர்களையும் வெளியிலிருந்து வரும் ஓசைகளையும் கவனித்துப் படியுங்கள்.

பிறகு விக்தோர் எரிசேயின் ‘தேன்கூட்டின் ஆவி’ படத்தைப் பாருங்கள். 1973இல், சர்வாதிகாரி ஃபிராங்கோ உயிரோடிருந்த காலத்தில் எடுக்கப்பட்டது. கதை நடப்பது 1940 வாக்கில், போர் முடிந்த காஸ்தில் கிராமத்தில். ஊருக்கு வந்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தைப் பார்க்கும் சிறுமி ஆனா, அந்தப் பூதத்தைத் தேடிப் போய், ஒளிந்திருக்கும் ஒரு தப்பியோடியவனைக் காண்கிறாள். வீட்டில் பெற்றோர் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே அரிது. தணிக்கைக்கு நடுவே எரிசே எதையும் உரக்கச் சொல்லவில்லை. தேன்நிறச் சன்னல் வெளிச்சமும் சிறுமியின் கண்களும் சொல்கின்றன. 1936இல் பெர்நார்தா விதித்த மௌனம் 1940இல் நாட்டையே மூடியிருப்பதை, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் உணர்வார்.

சோர் ஹுவானாவும் காஸ்தெய்யானோஸும்

பெண்களின் குரலுக்கு ஓர் இணை. 1690இல் பூவெப்லா நகர ஆயர், ஒரு கன்னியாஸ்திரியின் புனைபெயரில், மெக்ஸிகோவின் துறவி சோர் ஹுவானாவுக்கு எழுதினார்: உலகக் கல்வியைக் குறைத்துக்கொள் என்று. 1691இல் சோர் ஹுவானா எழுதிய பதில், பெண் கல்விக்கான வாதங்களில் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. சமையலறையில் முட்டை எண்ணெயில் சேர்வதையும் சர்க்கரைப் பாகில் சிதைவதையும் கவனித்து இயற்கையைக் கற்றதாக அவர் சொல்லும் இடத்தைத் தவறவிடாதீர்கள். படிக்கத் தடை போட்டால், அடுப்பையே பாடநூலாக்கிக் காட்டுகிறார். அதன்பின் ரொஸாரியோ காஸ்தெய்யானோஸின் ‘நித்தியப் பெண்மை’ நாடகம். அழகு நிலையத்தில் தொடங்கும் அந்த அங்கதத்தில் சோர் ஹுவானாவே ஒரு பாத்திரமாக மேடைக்கு வந்து, தன்னைப் பற்றி நிலவும் கதைகளைத் திருத்துகிறார்.

நீங்கள் தொடங்க

நேரடியாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானியத்தையும் லத்தீன் அமெரிக்க ஆய்வையும் கற்பிக்கும் மையம் உண்டு. ஸ்பெயின் அரசின் செர்வாண்டெஸ் நிறுவனமும் புதுடெல்லியில் இயங்குகிறது. மொழி தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். ருல்ஃபோவின் நாவலும் மார்க்வெஸின் நாவலும் தமிழில் கிடைக்கின்றன. போர்ஹெஸ் கதைகளும் உண்டு.

படிக்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் நூலில் உங்களை நிறுத்திய இடம். வலப்பக்கத்தில் அந்த ஆண்டில் அந்த நாட்டில் நடந்தது. ஓவியத்துக்கும் இதுவே முறை: வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ படத்தையும், அதையே எடுத்துக்கொண்டு பிக்காஸோ 1957இல் தீட்டிய 58 ஓவியங்களின் தொகுப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஐந்து இணைகளை முடித்தால், ஒரு பண்பாடு தன்னோடு தானே நடத்தும் விவாதத்தைப் பின்தொடரும் பழக்கம் உங்களுக்கு வந்துவிடும்.

இந்த மாதமே ‘பெத்ரோ பராமோ’வை எடுங்கள். ஒரு முறை படித்துப் புரியவில்லை என்று மூடி வைக்காமல், உடனே இரண்டாம் முறை படியுங்கள். அந்த நாவல் தன்னைத் திறந்து காட்டுவது இரண்டாம் வாசிப்பில்தான்.