ஜெபம் முடிந்ததும் தூங்கப் போகச் சொன்ன புத்தகம்

காஞ்சிபுரத்துக்காரன் லூத்தரன் ஜெபப் புத்தகத்தைப் பற்றி எழுதினால் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். எங்க ஊரில் மிஷன் என்றால் ஆண்டர்சன் பள்ளி, அதாவது ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். லூத்தரன் கதை தரங்கம்பாடியுடையது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவனும் இல்லை. தமிழ் அச்சு வரலாற்றைத் தோண்டப் போனால் யாராக இருந்தாலும் சீகன்பால்கில் போய் முட்டிக்கொள்ள வேண்டும். அவர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சில வருடங்களிலேயே தமிழில் கொடுக்க முனைந்தவற்றில் ஒன்று, லூத்தரின் சிறிய ஞானோபதேசம். சின்னப் புத்தகம்தானே என்று எடுத்தேன், சுலபமாகக் கீழே வைக்க முடியவில்லை.

1529-இல் ஜெர்மன் மொழியில் வந்த புத்தகம் அது. வீட்டுத் தலைவர் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுப்பதற்காக எழுதியது. அதில் காலை ஜெபம், மாலை ஜெபம் என்று இரண்டு பகுதிகள் உண்டு. எழுந்ததும் சிலுவை அடையாளம் போடணும், விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் சொல்லணும், விருப்பமிருந்தால் இன்னொரு சின்ன ஜெபம். அப்புறம் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போகணும். ராத்திரியும் இதே வரிசைதான், ஆனால் கடைசியில் ஒரு குறிப்பு: உடனே, நிம்மதியாகத் தூங்கப் போகணும்.

அந்த "உடனே"தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பக்தி நூல்கள் பொதுவாக இன்னும் கொஞ்சம் விழித்திரு, இன்னும் கொஞ்சம் உருகு என்றுதான் சொல்லும். இது போய்ப் படு என்கிறது. அவ்வளவுதான்.

இதை எழுதியவர் யார் என்று பார்த்தால் காரணம் புரியும். லூத்தர் துறவியாக இருந்த காலத்தில் வேலை மும்முரத்தில் வேளை ஜெபங்களைச் சொல்லாமல் சேர்த்து வைத்துவிடுவாராம். பிறகு சனிக்கிழமை அறைக்குள் அடைத்துக்கொண்டு சாப்பாடு தண்ணீர் இல்லாமல் மொத்தத்தையும் முடிப்பாராம். கடைசியில் தூக்கமே போய், படுத்த படுக்கையானார் என்று அவரே பின்னால் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கிறார். சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்: பேக்லாக். அந்த பேக்லாகில் சிக்கி மீண்ட ஆள் எழுதிய வழிமுறை என்பதால்தான் அது அவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்று மனசு எப்படி இருந்தது, ஜெபம் உள்ளே இறங்கியதா என்றெல்லாம் அது கேட்பதில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னாயா, சரி, விளக்கை அணை. ஓய்வு என்பது நாம் முயன்று எட்டும் மனநிலை இல்லை, வெளியே இருந்து தரப்படுவது என்ற அவருடைய இறையியல் முழுக்க இந்த ஒரு குறிப்பில் இருக்கிறது.

1535-இல் தன் முடிதிருத்துநர் பேதுரு என்பவருக்காக ஜெபம் செய்வது எப்படி என்று இன்னொரு சின்ன நூல் எழுதினார். கத்தி பிடித்தவன் கண்ணும் கருத்தும் கத்தி மேலே இருக்கணும், வாய் ஒரு பக்கம் கதை பேசினால் மூக்கையோ கழுத்தையோ வெட்டிவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்கிறார். எங்க ஊர்த் தறியில் கோர்வை போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உடம்புக்கும் கரைக்கும் தனித்தனி நாடா, கூட ஒரு ஆள், இருவர் கையும் ஒத்துப்போகணும். பேச்சு வந்தால் இழை போச்சு. ஒவ்வொரு கட்டளையையும் நாலு புரிமாலையாகத் திரிக்கச் சொல்கிறார் லூத்தர்: போதனை, நன்றி, பாவ அறிக்கை, வேண்டுதல். நல்ல எண்ணம் ஒன்று தானாக வந்துவிட்டால் மீதியை விட்டுவிட்டு அமைதியாக அதைக் கேள் என்றும் சொல்கிறார். முறையைக் கொடுத்துவிட்டு முறையை மீறவும் அனுமதி கொடுப்பது இந்த நூலின் அழகு.

அதே வருடம் அந்தப் பேதுரு, விருந்தில் குடித்திருந்த நேரத்தில், தன் மருமகனைக் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தர் பரிந்து பேசினார், தண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது. இந்த நூலைப் பாராட்டுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லணும். ஜெபப் புத்தகம் மனுஷனுக்குப் போட்ட காப்பீடு இல்லை.

சரி, தமிழுக்கு வருவோம். தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் பிள்ளைகள். அந்த இயக்கம் மனந்திரும்புதலின் போராட்டத்தை உள்ளே தேடிப் பார்க்கச் சொன்னது. அதனால் தமிழ்ச் சபைக்கு இரண்டு குரல்கள் சேர்ந்தே வந்தன. ஒன்று தூங்கப் போ என்கிறது, மற்றொன்று உன் நெஞ்சைத் தோண்டிப் பார் என்கிறது. இரண்டாவது குரலில் உண்மையான கண்ணீர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது சனிக்கிழமை அறைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறது என்பது என் கருத்து.

தமிழ் வேதாகமம் பிடித்துக்கொண்ட சொல் "இளைப்பாறுதல்". நல்ல சொல். இளைப்பு ஆறுவது. தலைச்சுமையைச் சுமைதாங்கிக் கல்லில் வைத்துவிட்டு நிற்கிறவருக்கு உரியது. சுமை அங்கேயேதான் இருக்கு, திரும்பத் தூக்கணும், ஆனால் இப்போது தலையில் இல்லை. லூத்தரின் ராத்திரிக்கு "அமைதி", "சாந்தி" எதையும்விட இதுதான் பொருந்தும்.

பாட்டுகளைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. பப்ரிசியஸ் போன்றவர்கள் ஜெர்மன் மெட்டிலேயே மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளில் குறில் நெடிலாக இழுபடும், சொல் நடுவில் உடையும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கீர்த்தனைகளோடு வந்த பிறகுதான் தமிழ்க் காதுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் ஞானப்பாட்டு செத்துப் போகவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பாடி மனப்பாடமான வரி, இலக்கணப்படி தப்பாக இருந்தாலும், அலுத்த நேரத்தில் தானே வாயில் வரும். இந்த மரபின் பலமே அந்த மனப்பாடம்தான்.

இந்த இளைப்பாறுதல் யாருக்கு என்ற கேள்வியை மட்டும் தாண்ட முடியவில்லை. சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை 18-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1833-இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் தன் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டார். எதிர்த்தவர்களில் பலர் பிற்பாடு வந்து சேர்ந்த இடம், இந்த விஷயத்தில் இளக்கமாக இருந்த லைப்சிக் லூத்தரன் மிஷன். நான் மேலே புகழ்ந்த சாஸ்திரியாரும் அதற்கு முன்பே சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர்தான். பாட்டு நன்றாக இருக்கிறது என்பதால் இதைச் சின்ன எழுத்தில் போடக் கூடாது.

இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர் சமூகம், தஞ்சாவூர் அரசரின் படைவீரர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதத்தைப் படித்தே லூத்தரன் பக்கம் வந்தவர். புத்தகம் தன் வேலையை இதைவிட ஒழுங்காகச் செய்ய முடியாது. உபதேசியாராகப் பல ஊர்களில் உழைத்தார். முதல் தமிழ்ப் பாதிரியாராக 1733-இல் ஆரோன் என்ற வேளாளர் அபிஷேகம் பெற்றார். அடுத்த ஆளைத் தேடியபோது இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. இவர் கையிலிருந்து மேல்சாதிக்காரர்கள் நற்கருணை வாங்குவார்களா என்ற தயக்கத்தில் அவரை விட்டுவிட்டு, 1741-இல் தியோகு என்பவரை அபிஷேகம் செய்தார்கள். இராஜநாயக்கன் 1771-இல் இறக்கும் வரை உபதேசியார்தான். அந்த முப்பது வருட ராத்திரிகளிலும் அவர் மாலை ஜெபத்தைச் சொல்லியிருப்பார், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார். அது அவருடைய வேலை.