ஆதார் கியூஆரில் தமிழ் ஏன் இல்லை?

ஆதார் கடிதத்தில் இருக்கும் கியூஆர் கட்டத்துக்கு இரண்டு பிறவி. முதல் பிறவியில் அதற்குள் இருந்தது எக்ஸ்எம்எல். ஒரே ஒரு டேக். அதன் பெயரே 22 எழுத்து, ‘பிரிண்ட்லெட்டர்பார்கோடுடேட்டா’. அதற்குள் பெயர், பிறந்த ஆண்டு, தெரு, மாவட்டம் எல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாக இருக்கும். எந்த ஸ்கேனர் ஆப்பில் காட்டினாலும் கண்ணால் படிக்கலாம்.

படிப்பது மட்டுமா, மாற்றவும் செய்யலாம். கையொப்பம் எதுவும் கிடையாது. பெயரை மாற்றி புது கியூஆர் போட்டு அச்சடித்தால், அது போலி என்று சொல்ல அந்தக் கட்டத்துக்குள் ஆதாரமே இல்லை.

2018-ல் இரண்டாவது பிறவி: ‘செக்யூர் கியூஆர்’. இதில் டேக் இல்லை. தகவல்கள் ஒரு நிலையான வரிசையில் வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவே 255 என்ற மதிப்புள்ள ஒரு பைட் வேலி மாதிரி நிற்கும். பிறகு ஜேபெக் 2000 வடிவில் படம். கடைசி 256 பைட் டிஜிட்டல் கையொப்பம். எல்லாவற்றையும் சுருக்கி, ஒரே ஒரு பெரிய பத்தடிமான எண்ணாக மாற்றி கியூஆரில் வைக்கிறார்கள். இணையம் இல்லாமலே சரிபார்க்கலாம்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. குறிப்பாக அந்தப் பெரிய எண். முதல் தடவை பார்க்கும்போது கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். கியூஆரின் அதிகபட்சக் கொள்ளளவு பைட்டாக 2953, இலக்கமாக 7089. அந்த 7089 இலக்கத்துக்குள் 2943 பைட் அடங்கும். இழப்பு வெறும் பத்து பைட். பைட்டுகளை நேராக வைத்தால் பல ஸ்கேனர்கள் அதை உரை என்று நினைத்துக் குழப்பிவிடும். எண் என்றால் குழப்பமே இல்லை. இதையே உரையாக்க பேஸ்64 போட்டிருந்தால், கையொப்பத்தின் 256 பைட்டே 344 எழுத்தாக வீங்கியிருக்கும்.

அப்போ பிரச்சினை எங்கே? இரண்டு இடத்தில்.

முதலாவது சின்னது. ‘255 வந்தால் அடுத்த தகவல்’ என்ற விதி படத்துக்குச் செல்லாது. ஜேபெக் 2000-ன் உள் அடையாளங்களே 255-ல்தான் தொடங்கும். அதனால் படிக்கும் நிரல் வேலிகளை எண்ணிக்கொண்டே போய், இத்தனையாவதுக்குப் பிறகு படம் என்று நிறுத்த வேண்டும். பிந்தைய பதிப்பில் முன்னால் ‘வி2’ என்று ஒரு தகவலைச் சேர்த்தபோது எண்ணிக்கை மாறிவிட்டது. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் நீளத்தைச் சொல்லும் முறை (சிபிஓஆர், ஏஎஸ்என்.1 எல்லாம் அப்படித்தான்) இருந்தால் இந்தத் தலைவலி வராது.

இரண்டாவதுதான் பெரியது. இந்த வடிவத்தின் எழுத்துருக் குறியீடு ஐஎஸ்ஓ 8859-1, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. பிரெஞ்சுப் பெயரை அதில் எழுதலாம். தமிழை எழுதவே முடியாது. வேடிக்கை என்னவென்றால், பழைய எக்ஸ்எம்எல்லின் தலைப்பில் யூடிஎஃப்-8 என்று இருந்தது. தமிழ் வைக்கவில்லை, ஆனால் வைக்க வழி இருந்தது. புதியதில் அந்த வழியும் அடைபட்டது.

இடம் போதாது என்று சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பெயரையே எடுப்போம். சாணார்பட்டி: ஆறு எழுத்து, யூனிகோடில் 11 குறி, யூடிஎஃப்-8-ல் 33 பைட். தமிழக அரசு 2010-ல் ஏற்ற டேஸ்16-ல் 12 பைட் போதும். ஆங்கிலத்தில் 10 அல்லது 11, ‘ச’வுக்கு ஒரு எழுத்தா இரண்டா என்பதைப் பொறுத்து! அந்த 33-லும், தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒன்றேதான். இரண்டாவது இரண்டில் ஒன்று. சுருக்கும் நிரலுக்கு இது அல்வா. முகவரியை விடுங்கள், பெயரை மட்டுமாவது தமிழில் வைக்க இடமா இல்லை?

வேலியும் தடையில்லை. யூடிஎஃப்-8 உரையில் 255 என்ற பைட் எப்போதும் வரவே வராது. ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு குறியீட்டிலும் ஒரே பைட்தான். அதனால் ஆங்கிலம் மட்டும் உள்ள பழைய அட்டைகளும் அப்படியே படிக்கும்.

இது வெறும் மொழிப்பற்று விவகாரம் இல்லை. அட்டையில் தமிழ்ப் பெயர் அச்சாகியிருக்கிறது. ஆனால் கையொப்பம் அதைக் காக்கவில்லை. அச்சில் தமிழ்ப் பெயரை மட்டும் மாற்றினாலும் ஸ்கேனர் ‘சரி’ என்றே சொல்லும். நம் ஊரில் பட்டாவும் ரேஷன் அட்டையும் தமிழில். வள்ளியா வல்லியா என்று கேட்டால், கியூஆர் தருகிற ஆங்கில எழுத்துகளில் அதற்குப் பதில் கிடையாது.

செய்ய முடியாததும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் கொடுத்த கோவிட் சான்றிதழின் கியூஆர், சிபிஓஆர் என்ற இருமக் குறியீட்டில் அமைந்தது. அதில் பெயர் இரண்டு தடவை வரும்: சொந்த எழுத்தில் ஒன்று, பாஸ்போர்ட் முறைப்படி ரோமனில் ஒன்று. கிரேக்கரின் பெயர் கிரேக்கத்திலேயே கையொப்பமானது.

டேக்குகளைத் தூக்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. கச்சிதம் என்பது தேவையில்லாததை விடுவது. ஒருவரின் சொந்தப் பெயர் அந்தக் கணக்கில் சேராது. அடுத்த பதிப்பு வரும்போது, பெயருக்கு அடுத்து யூடிஎஃப்-8-ல் ஒரு தாய்மொழிப் பெயர், அவ்வளவுதான் வேண்டும்.