மனரிசக் கோட்டோவியங்களில் உருவகப் பெண்கள்

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்த மனரிசப் பாணியின் கோட்டோவியங்களை நோக்குவோர், அவற்றில் உருவகப் பெண்கள் மலிந்திருத்தலை அவதானிப்பர். நீதி, உண்மை, ஊழ், புகழ் ஆகிய கருத்துக்கள் அங்கே பெண்வடிவம் பெறுகின்றன. இதற்கு இலக்கணத்தைக் காரணங்காட்டுவது வழக்கம். தமிழிற் பண்புப்பெயர்கள் அஃறிணையாக, இலத்தீனிலும் இத்தாலியிலும் அவை பெரும்பாலும் பெண்பாலாகும். இவ்விளக்கம் தவறன்று, ஆயினும் போதியதன்று.

பார்மா நகரின் ஸ்தெக்காத்தா தேவாலயத்தை ஓவியத்தால் அணிசெய்ய 1531இல் ஒப்பந்தஞ்செய்த பார்மிஜானினோ (1503–1540) அதற்கென வரைந்த ஆயத்தக் கோட்டோவியங்கள் பல எஞ்சியுள்ளன. விவிலிய உவமையில் வரும் புத்தியுள்ள கன்னியரும் புத்தியற்ற கன்னியருமே அவ்வோவியத்தின் பொருள். நீண்ட கழுத்து, சிறுத்த தலை, கூம்பிய விரல்கள், நெளிந்தோடும் கோடு என்பன இருசாரார்க்கும் பொதுவானவை. அவர்களை வேறுபடுத்துவது விளக்கு எரிகிறதா, அணைந்துள்ளதா என்பதே. பெண் பொருளைச் சுமக்கிறாள். அப்பொருள் அவளது அநுபவத்திற் பிறந்ததன்று.

இந்நிலைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் ஜோர்ஜோ வசாரி. தமது கலைஞர் வரலாற்றின் 1568ஆம் ஆண்டுப் பதிப்பில், கட்டடம், சிற்பம், ஓவியம் ஆகிய மூன்று கலைகளுக்கும் ‘டிசெனோ’வைத் தந்தை என்றார். வரைதலையும் அதற்கு மூலமான மனக்கருத்தையும் ஒருங்கே சுட்டும் அச்சொல் ஆண்பால். கலைகளின் பெயர்களோ பெண்பால். முதலாம் கொசிமோ மெடிச்சியின் ஆதரவில் 1563இல் புளோரன்சில் நிறுவப்பெற்ற டிசெனோ கழகம், ஆர்தெமீசியா ஜென்திலெஸ்கியைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது 1616இலேயே. கருத்தை ஆக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதற்கு இவ்வைம்பத்துமூன்று ஆண்டுகளே சான்று.

சேசரே ரீப்பா 1593இல் வெளியிட்ட உருவக அகராதி, ‘ஓவியம்’ என்னும் பெண்ணைக் கழுத்திலே முகமூடி கோத்த பொற்சங்கிலியுடனும் துணியாற் கட்டப்பட்ட வாயுடனும் விவரிக்கின்றது. மனரிசக் காலம் கழிந்தபின், 1638–39 அளவில், ஆர்தெமீசியா அவ்வுருவகத்தைத் தீட்டினார். தன்னுருவோவியமாகப் பொதுவாகக் கொள்ளப்படும் அதிற் சங்கிலியும் முகமூடியும் உள, வாய்க்கட்டு இல்லை. தூரிகை ஏந்திய அப்பெண் தன் தொழிலில் முனைந்திருக்கின்றாள்.

மனரிசக் கோட்டின் நயம் மறுக்கற்பாலதன்று. பார்மிஜானினோவின் கன்னியர் இன்றும் நம்மைக் கவர்கின்றனர். அந்நயத்தை உணரும் திறனாய்வு, அதனை ஆக்கிய சமூக உறவுகளையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும். அப்பொழுதே ஆர்தெமீசியா நீக்கிய ஒரு துணித்துண்டின் வரலாற்று முக்கியத்துவம் புலனாகும்.