ஆற்றுப்படை மரபும் ஆடைபற்றிய தன்கூற்று எழுத்தும்

முன்னுரை

ஒருவர் தாம் உடுத்தும் உடையையும் வாழும் முறையையும் பொருளாகக் கொண்டு, தம் குரலிலேயே தொடர்ந்து எழுதி, தாம் கண்ட பயனைப் பிறர்க்குப் பரிந்துரைக்கும் எழுத்து இன்று தனியொரு வகையாக வளர்ந்து நிற்கிறது. இணையவழி ஊடகங்கள் பெருகிய பின்னர் எழுத்தும் நிழற்படமும் கலந்த வடிவில் இந்திய மொழிகள் பலவற்றிலும் இது பரவியுள்ளது. நெசவு, தையல், அணிகலன், ஒப்பனை, இல்ல அலங்காரம் எனப் பலவற்றை இது தழுவுகிறது. ஆயினும் இலக்கியத் திறனாய்வு இதனை வணிகத்தின் பாற்பட்டது என ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்குவதால் இவ்வெழுத்தில் நல்லது எது, போலி எது எனப் பிரித்தறியும் அளவுகோல் உருவாகாமலே போகிறது.

தமிழ் மரபில் இவ்வெழுத்துக்கு ஒப்பான வகை ஒன்று உண்டு. பரிசில் பெற்றவன் தன் பழைய வறுமையையும் புதிய வளத்தையும் தானே எடுத்துரைத்துப் பெறாதவனை வழிப்படுத்தும் ஆற்றுப்படையே அது. ஆற்றுப்படை நூல்கள் உடைபற்றிய தன்கூற்றை எவ்வாறு கையாளுகின்றன என்பதையும், அங்குப் பெறப்படும் அளவுகோல்கள் பிற்கால எழுத்துக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆற்றுப்படையில் பேசும் குரல்

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் வழியிடையே எதிர்ப்பட்டோர்க்குத் தாம் பெற்ற பெருவளத்தை அறிவுறுத்தி, அவரும் சென்று பயன்பெறுமாறு சொல்லுதலை ஆற்றுப்படைக்கு இலக்கணமாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. இவ்விலக்கணத்தில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. பேசுபவன் தானே பெற்றவன். கேட்பவன் பேசுபவனையொத்த நிலையினன். பேச்சின் நோக்கம் கேட்பவனின் பயன். பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் இவ்வகையின. இவற்றுள் திருமுருகாற்றுப்படை இறையருளை நோக்கி ஆற்றுப்படுத்துவதால், உடையும் உணவும் பேசும் பகுதிகளுக்கு எஞ்சிய நான்குமே இங்குக் கொள்ளப்படுகின்றன.

இந்நூல்களில் 'நான்' எனப் பேசுபவன் வேறு, நூலை யாத்த புலவர் வேறு. பொருநராற்றுப்படையைப் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். பேசுபவன் கரிகாற் பெருவளத்தானிடம் பரிசில் பெற்ற பொருநன். எனவே தன்கூற்று என்பது புனைந்தமைத்த குரல். இன்றைய வாழ்முறை எழுத்தில் பேசும் 'நானு'ம் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சிகளாலும் தேர்ந்தெடுத்த படங்களாலும் அமைக்கப்பட்டதே. குரல் புனையப்பட்டது என்பதாலேயே அது பொய் என்று தள்ளுதல் பொருந்தாது. அப்புனைவு எவற்றைக் காட்டுகிறது, எவற்றை மறைக்கிறது என்பதே திறனாய்வு கேட்க வேண்டிய வினா.

கந்தலும் கலிங்கமும்

பொருநராற்றுப்படையில் பொருநன் தன் பழைய உடையை வருணிக்கும் பகுதி மிக வெளிப்படையானது. ஈரும் பேனும் குடியிருந்தமை, வியர்வையில் நனைந்தமை, பிற நூல்கொண்டு தைத்த தையல்கள் ஊடே ஓடியமை ஆகிய அனைத்தையும் அவன் தன் வாயாலேயே சொல்கிறான். அக்கந்தலை நீக்கி மன்னன் அளித்த ஆடையோ இழை போன வழியைக் கண் பின்தொடர முடியாத நுண்மையுடையது, பூவேலை நிறைந்தது, பாம்பின் உரியை ஒத்தது. விடியலில் எழுந்த பொருநன் தனக்கு நேர்ந்தது கனவோ என மயங்கியதையும் நூல் கூறுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் பாசிபோன்ற கந்தலுக்கு ஈடாக ஆவிபோன்ற கலிங்கம் வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் அளிக்கும் ஆடை மூங்கிலின் உட்பட்டையை உரித்தாற்போன்றது.

இவ்வுவமைகள் யாவும் தொட்டும் பார்த்தும் அறியத்தக்க பண்பைப் பற்றியவை. மென்மை, நுண்மை, மெல்லிய தன்மை ஆகியன கேட்பவனின் அறிவுக்கு எட்டும் பொருள்களான பாம்புரி, மூங்கில், ஆவி ஆகியவற்றால் விளக்கப்படுகின்றன. ஆடை 'அழகியது' என்ற பொதுச்சொல்லோடு பேச்சு நின்றுவிடுவதில்லை.

இதனினும் சிறப்பானது முன்னைய நிலையை மறையாமை. சிறுபாணாற்றுப்படையில் வறுமை இன்னும் நெருக்கமாகக் காட்டப்படுகிறது. குட்டிகள் பால்குடிப்பதைத் தாங்காமல் குரைக்கும் நாய் கிடக்கும் அடுக்களையில், குப்பையில் முளைத்த வேளைக்கீரை உப்பின்றி வேகிறது. பிறர் காண நாணி வாயிலை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றனர். அன்று அடைத்த வாயிலை, வளம் பெற்றபின் பேசும் குரல் தானே திறந்து காட்டுகிறது. கேட்பவன் இன்னும் அவ்வறுமையில் இருப்பவன். தன்னைப்போல் ஒருவனே பேசுகிறான் என்று அவன் தெளிவதற்கு இத்திறப்பு இன்றியமையாதது.

புறநானூற்று 378ஆம் பாடல் ஆற்றுப்படையன்று. எனினும் பரிசில் பெற்றவனின் தன்கூற்று என்ற முறையில் இங்கு எண்ணத்தக்கது. இளஞ்சேட்சென்னியிடம் ஊன்பொதி பசுங்குடையார் பெற்ற அணிகலன்கள் அவர்தம் சுற்றத்தார்க்குப் பழக்கமில்லாதவை. விரலில் அணிவதைச் செவியிலும், செவியில் அணிவதை விரலிலும், அரையில் அணிவதைக் கழுத்திலும் அவர்கள் மாற்றிப் பூண்டனர். சீதையின் அணிகளைக் கண்டெடுத்த குரங்குகள் அவற்றைப் பூண்டதற்கு அக்காட்சி ஒப்பிடப்படுகிறது. புதிய அணியைப் பெற்ற பெருமையும் அதனை அணியத் தெரியாத வெள்ளைமையும் ஒரே பாடலில் இணைந்துள்ளன. தன்னையும் தன் சுற்றத்தையும் நகைக்கத் தெரிந்த இக்குரலை ஐயுற மனம் வருவதில்லை.

வழியின் ஏதம்

மலைபடுகடாம் மற்றோர் அளவுகோலைத் தருகிறது. நன்னனை நோக்கிச் செல்லும் கூத்தனுக்கு வழியின் வளங்களோடு இடர்களும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் குழி, வழுக்கும் பாறை, புனங்காப்போர் எறியும் கவண்கல் என ஒவ்வொன்றும் எச்சரிக்கையாக வருகிறது. பயனைச் சொல்பவன் ஏதத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற நெறி இதனால் பெறப்படுகிறது.

ஆடைபற்றிய எழுத்தில் ஏதம் என்பது எளிய செய்திகளால் ஆனது. முதற் சலவையில் பருத்தி சுருங்குதல், சாயம் இறங்குதல், சரிகை கறுத்தல், வெயிலில் ஒவ்வாமை, தையற்கூலி துணிவிலையை மிஞ்சுதல் ஆகியன அவை. இவற்றைச் சொல்லும் எழுத்தே வழிகாட்டும் எழுத்து. சொல்லாதது வெறும் புகழ்ச்சி.

பட்டிலிருந்து கதருக்கு

அச்சு ஊடகத்தில் தனியொருவர் தம் குரலைச் சார்ந்தே ஓர் இதழை வளர்த்ததற்கு வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) சிறந்த சான்று. குழந்தைப் பருவத்திலேயே மணமான அவர் பள்ளிக் கல்வி பெற்றவரல்லர். எழுதப் பழகுமுன் தம் முதற் படைப்பைத் தோழி ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்தவர். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை 1925இல் ஏற்று, தம் 'வைதேகி' நாவலை அதில் தொடராக வெளியிட்டு, முப்பதாண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். 115 நாவல்கள் அவர் பெயரில் வழங்குகின்றன.

தொடக்கமும் வளர்ச்சியும் குறித்து இச்சான்று உணர்த்துவது ஒன்றுண்டு. இதழை வளர்த்தது தவறாத தொடர்ச்சியும், வாசகியர் தம்முள் ஒருத்தியாகக் கண்ட குரலுமே. காந்தியடிகளைச் சந்தித்தபின் அவர் பட்டையும் நகைகளையும் துறந்து கதரை ஏற்றார். 1932இல் அந்நியத் துணி எதிர்ப்புப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். காந்தியக் கருத்துகளைத் தம் இதழிலும் நாவல்களிலும் பரப்பினார்.

ஆற்றுப்படையோடு ஒப்பிடுகையில் இங்குத் திசை மாறியுள்ளது. பொருநன் கந்தலிலிருந்து பட்டுக்குச் செல்கிறான். கோதைநாயகி பட்டிலிருந்து முரட்டுக் கதருக்கு வருகிறார். எனினும் அமைப்பு மாறவில்லை. முன்னைய நிலை இன்னதெனத் தெரிகிறது. மாற்றத்திற்குக் காரணமானவர் யார் என்பதும் தெரிகிறது. பரிந்துரைப்பவர் பரிந்துரைத்ததையே உடுத்தி நிற்கிறார். உடுத்தியதற்கு விலையாகச் சிறையையும் ஏற்றமை அப்பரிந்துரைக்கு வலிமை சேர்க்கிறது.

நூறு புடவைக் கதைகள்

அண்மைக்காலச் சான்றாக 2015இல் பெங்களூரில் அஞ்சு மௌத்கல் கதம், ஆலி மாத்தன் ஆகிய இருவர் தொடங்கிய நூறு புடவை உடன்படிக்கையைக் கொள்ளலாம். அவ்வாண்டில் நூறு முறை புடவை உடுத்துவது, ஒவ்வொன்றின் படத்தோடும் அதன் கதையைச் சொல்வது என்பதே அவர்கள் மேற்கொண்ட உறுதி. இருவரின் உறுதியாகத் தொடங்கியது பல மாநிலப் பெண்களும் கலந்துகொள்ளும் இயக்கமாக வளர்ந்தது.

இம்முயற்சி பரவியதற்கான காரணம் அதன் விதியிலேயே உள்ளது. புதிதாக வாங்குவதை அது கேட்கவில்லை. பெட்டியில் உறங்கும் புடவையை எடுத்து உடுத்தக் கேட்டது. படத்தோடு கதையும் வேண்டும் என்றதனால் புடவையை அளித்தவர் கதைக்குள் வந்தே தீர வேண்டியதாயிற்று. தாய், பாட்டி, தோழி, நெசவாளர் என அளித்தவர் எவராயினும் பெயரோ உறவோ சுட்டப்பெற்றது. ஆற்றுப்படையில் புரவலன் வகித்த இடத்தை இங்குக் குடும்ப நினைவும் நெசவும் வகிக்கின்றன எனலாம்.

மறைந்த புரவலன்

வளர்ச்சி பெற்றபின் வாழ்முறை எழுத்தில் நேரும் மாற்றம் இனி நோக்கத்தக்கது. தொடக்கத்தில் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய ஆடையைப் பற்றி எழுதுகிறார். அதன் குறையையும் சொல்கிறார். வாசகர் தொகை பெருகியதும் நிறுவனங்கள் ஆடையை இலவசமாக அனுப்புகின்றன. பின்னர்ப் பணமும் அளிக்கின்றன. எழுத்தின் நடை மட்டும் பழைய நட்பு நடையாகவே தொடர்கிறது. ஒருமுறை உடுத்தியது மறுமுறை படத்தில் வருவதில்லை. துவைத்துக் காய்ந்து நிறம் மங்கிய ஆடைக்கு அங்கு இடமில்லை. முன்னைய நிலையும் ஏதமும் உதிர்ந்துபோக, பயன் ஒன்றே எஞ்சுகிறது.

பாணரும் பொருநரும் பரிசிலுக்காகவே பாடினர். அவ்வாறாயின் அவர்தம் பரிந்துரை மட்டும் எவ்வாறு நம்பத்தக்கதாகும் என்ற மறுப்பு இங்கு எழக்கூடும். மறுப்பு நேரியது. பொருநன் கரிகாலனைப் புகழ்வதில் மிகைக்குக் குறைவில்லை. ஆனால் பரிசில் பெற்ற செய்தியை அவன் மறைக்கவில்லை. அதுவே அவன் பாட்டின் மையப்பொருள். கொடுத்தவன் பெயர், குலம், ஊர், கொடுத்த பொருள், கொடுத்த முறை, ஏழடி பின்வந்து வழியனுப்பியமை ஆகிய அனைத்தும் கேட்பவன்முன் வைக்கப்படுகின்றன. கேட்பவன் புகழ்ச்சியைப் பரிசிலோடு சேர்த்தே எடைபோட முடிகிறது. பரிசில் பெறுதலால் பரிந்துரை கெடுவதில்லை. பெற்றதை மறைத்தலாலேயே கெடுகிறது.

இந்திய நுகர்வோர் சட்டமும் இவ்விடத்திற்கே வந்து சேர்ந்துள்ளது. இந்திய விளம்பரத் தரக் குழுமம் 2021இல் இணையவழிப் பரிந்துரையாளர்க்கென நெறிமுறைகளை நடைமுறைப்படுத்தியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மைய ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை 2022இல் வெளியிட்டது. மைய அரசின் நுகர்வோர் துறை 2023 சனவரியில் பரிந்துரையாளர்க்கான விளக்கக் கையேட்டை அளித்தது. பணம் மட்டுமின்றி இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி ஆகியனவும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகளே என்பது அக்கையேட்டின் நிலைப்பாடு. தவறான பரிந்துரைக்கு முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் நிகழின் 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

தமிழாய்வாளர் கருதவேண்டிய செய்தி ஒன்று இதில் அடங்கியுள்ளது. வெளிப்படுத்தும் குறிப்பு ஆங்கிலத்திலோ விளம்பரத்தின் மொழியிலோ இருக்கலாம் என 2021ஆம் ஆண்டு நெறிமுறை இடந்தருகிறது. இதனால் தமிழில் முழுமையாகப் பேசும் ஒருவர் பணம் பெற்ற செய்தியை மட்டும் ஆங்கிலச் சொல்லில் இட்டுச் செல்லலாம். அந்நெறிமுறை நிறைவேறும், கேட்பவர்க்குச் செய்தி சென்று சேராது. 'பரிசில்' என்ற சொல் இதற்கெனவே காத்திருப்பது போன்றது. 'இவ்வாடை பரிசிலாகப் பெற்றது' என்ற ஒரு தொடர், தகுதி குன்றாமலும் ஐயத்திற்கு இடமின்றியும் உண்மையைச் சொல்லிவிடும்.

முடிவுரை

ஆற்றுப்படை நூல்களிலிருந்து நான்கு அளவுகோல்கள் பெறப்படுகின்றன. முன்னைய நிலையை மறையாது கூறல், அளித்தவரை வெளிப்படச் சுட்டல், பயனோடு ஏதமும் உரைத்தல், கேட்பவரைத் தன்னையொத்தவராகக் கொள்ளல் என்பன அவை. 'ஜகன்மோகினி'யின் வளர்ச்சியிலும் நூறு புடவை இயக்கத்தின் பரவலிலும் இவற்றுள் முதன்மையானவை நிலைபெற்றிருந்தமை புலனாகிறது. வணிக வளர்ச்சி பெற்ற வாழ்முறை எழுத்து முதலில் இழப்பது இவற்றையே. இவ்வெழுத்தைத் திறனாய்வு தன் எல்லைக்குள் கொண்டுவந்து இவ்வளவைகளால் அளக்குமாயின், தொடங்குவோர்க்கு அது நெறியாகும்; வாசிப்போர்க்குக் காப்பாகும். கந்தலைப் பற்றிப் பேச நாணாத பொருநன் கலிங்கத்தைப் பற்றிச் சொன்னதும் நம்பப்பட்டது என்பதே அம்மரபு விட்டுச்சென்ற பாடம்.